கல்கரியிலை நிக்கிற கறிவேப்பிலை

கார்த்திகை (நவம்பர்) 25, திங்கள்

விடியப்புறம் தொடங்கின மழை, இன்னும் விடேல்லை. பல்கனிக் கதவுக்குக் கீழாலை தண்ணி உள்ளுக்கு வந்திட்டுது. பழைய துவாய் ரண்டு போட்டு மறிச்சன். லிஃப்ற் வேலை இல்லை. பாண் வாங்க நாலு மாடி இறங்கி ஏற வேணும், விட்டிட்டன். நேற்றைய இடியப்பம் மூண்டு கிடந்தது. சம்பலோடை காணும்.

கா. 7.30க்கு மனுசி ரஞ்சி வீடியோவிலை போன் எடுத்தா. கனடாவிலை, கல்கரியிலை அப்ப நேற்றுப் பின்னேரம் ஏழு மணி. எனக்குத் திங்கள் விடிஞ்சிட்டுது, அவ இன்னும் ஞாயிறிலை நிக்கிறா. மகள் சுகன்யாவின்ரை பிள்ளைப்பேத்துக்கெண்டு போனவ. ஆறு மாசம் எண்டது. இப்ப பதினாலு மாசம். பேரன் நடக்கத் தொடங்கியிட்டான்.

நான் போகேல்லை. குளிர் ஒத்துவராது, முழங்கால் உளையும் எண்டு சொன்னது நான்தான். அப்ப பெரிய ஆள் மாதிரித்தான் சொன்னன்.

எங்கடை கதை முழுக்க மரக்கதை. சாப்பாட்டறை யன்னலடியிலை அவ இண்டைக்குக் காட்டினது:

கறிவேப்பிலை 1. அவவின்ரை முழங்காலுக்கு மேலை. எட்டுக் கொப்பு.
முருங்கை 2. நூல் நூலா.
பச்சைமிளகாய் 3 சாடி. ஒண்டு காய்ச்சிருக்கு.
வல்லாரை ஒரு தட்டு.
ரம்பை 1. சோம்பேறி, ஒரு இலை வர ஒரு மாசம்.
இஞ்சி, ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ளை.

வெளியிலை மைனஸ் பதினாறு. உள்ளுக்கு இதுகளுக்கெண்டு ஊதா லைற் பூட்டி வச்சிருக்கிறா. "சலூன் மாதிரிக் கிடக்கு" எண்டன். கோவம் வந்திட்டுது. இதே மனுசி இஞ்சை இருவத்தெட்டு வருஷம் பல்கனியிலை நான் மரம் வைக்கிற பெயின்ற் வாளிகளைப் பாத்து "உந்தக் குப்பையை எப்ப எறியப்போறியள்" எண்டு கேட்டவ. ஒரு நாள் தண்ணி ஊத்தினதில்லை. அங்கை போய் மரம் வளக்கிறா, என்னட்டை யோசனை கேக்கிறா. கந்தோரிலை முப்பது வருஷம் பைல் தூக்கின எனக்கு இப்பதான் ஒரு பதவி உயர்வு.

கறிவேப்பிலை இலை கொஞ்சம் வெளிறிக் கிடக்கு. புளிச்ச மோர் ஒரு கோப்பை தண்ணியிலை கலந்து அடியிலை ஊத்தச் சொன்னன். ஆருக்குத் தெரியாது, கறிவேப்பிலைக்கு மோர்தான் மருந்து. அவவும் "அம்மாவும் ஊத்திறவ" எண்டா.

எப்ப வாறா எண்டு கேக்கேல்லை. கேட்டால் சண்டை எண்டில்லை. வாயிலை வரேல்லை.

கார்த்திகை 27, புதன்

மழை. காத்து. பல்கனியிலை என்ரை கறிவேப்பிலை வாளியைக் கதவுக்கு உள்ளை இழுத்து வச்சன். முதுகு பிடிச்சிட்டுது.

ரஞ்சி இண்டைக்கு இருவத்தேழு நிமிஷம் கதைச்சா. முருங்கை இலையிலை சிலந்தி வலை மாதிரிக் கிடக்காம். சோப்புத் தண்ணி சொன்னன். ஹீற்றர் காத்து அறையைக் காய வைக்குதாம். தட்டிலை கூழாங்கல்லுப் பரப்பித் தண்ணி விட்டு, அதுக்கு மேலை சாடியை வைக்கச் சொன்னன். இது புத்தகத்திலை பாத்தது, நானே செய்ததில்லை. வெள்ளவத்தையிலை காத்திலை ஈரத்துக்கு என்ன குறை, சப்பாத்துக்குள்ளையும் பூஞ்சணம்.

போனை வச்சாப்பிறகு வீடு வெறிச்சோடிப்போச்சு. ரேடியோவைப் போட்டன். பிறகு நிப்பாட்டினன்.

கார்த்திகை 30, சனி

மோர் விஷயம் பிழைச்சுப்போச்சு.

அங்கை குளிருக்கு யன்னல் ஒண்டும் திறக்கிறேல்லை. வெயிலும் இல்லை. மோர் மண்ணுக்குள்ளை கிடந்து நாறி, அதிலை சின்ன ஈ வந்து, வீடு முழுக்கப் பறந்திருக்கு. நேற்று மருமகனின்ரை கந்தோர் ஆக்கள் சாப்பாட்டுக்கு வந்தவையாம். ஒருத்தியின்ரை வைன் கிளாசுக்குள்ளை ரண்டு ஈ. மருமகன் நல்ல பிள்ளை, "மாமி, இது என்ன மணம்?" எண்டு மட்டும் கேட்டவராம்.

சுகன்யா போனை வாங்கி: "அப்பா, உங்கடை வைத்தியத்தை வெள்ளவத்தையோடை வச்சுக்கொள்ளுங்கோ."

ரஞ்சிக்குச் சிரிப்பு. ஆனாலும் எனக்காகத்தான் கதைச்சா. "அப்பாவுக்கு இஞ்சத்தைக் குளிர் எப்பிடியடி தெரியும்." மேல் மண்ணை ரண்டு அங்குலம் சுரண்டி எடுத்திட்டு புது மண் போட்டிருக்கிறா. மணம் குறையட்டுமெண்டு சாடியை யன்னல் கண்ணாடியோடை ஒட்டி வச்சிருக்கிறா.

சுகன்யா எனக்குப் போன் எடுக்கிறேல்லை. இப்பிடி ஏச மட்டும் இடைக்கிடை வருவாள். அதுவும் பரவாயில்லை.

மார்கழி 2, திங்கள்

மழை இல்லை. வெயில் கூட இல்லை. உடுப்பு மூண்டு நாளாக் காயேல்லை.

கறிவேப்பிலை கொட்டுதாம். கண்ணாடிப் பக்கத்து இலை முழுக்க மஞ்சள், தொட உதிருது. ரஞ்சி ஒவ்வொண்டாப் பொறுக்கி ஒரு கிண்ணத்திலை போட்டு வச்சிருக்கிறா. எறியேல்லை. "சமைக்கலாம்தானே" எண்டு சொல்லுறா, குரல் வேறை மாதிரி.

"ஒரு நாளைக்கு ரண்டு தரம் தண்ணி விடுறன், இன்னும் விடட்டோ?"

எனக்குத் தெரியேல்லை. இஞ்சை கறிவேப்பிலை சாகிறதெண்டால் உப்புக்காத்திலை சாகும், இல்லாட்டிக் காகம் பிடுங்கும். குளிருக்கு என்ன செய்யுமெண்டு நான் எங்கை கண்டது. விசாரிச்சுச் சொல்லுறன் எண்டன்.

மூண்டாம் மாடி நஸீர் நானா வழக்கம் போலை வந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒடிச்சுக்கொண்டு போனார். அவரைக் கேட்டன். "குளிரா? சேர், எனக்கு ஏசிக்கே தடிமல் புடிக்கிது" எண்டார். புறக்கோட்டையிலை நாப்பது வருஷம் துணிக்கடை வச்சிருந்த மனுசன், மரத்தைப் பற்றிக் கேட்டது என்ரை பிழை.

மார்கழி 4, புதன்

நுகேகொடை. போக ஒரு மணித்தியாலம், வர ஒண்டரை. எல்லா இடமும் வாகனம்.

சந்தைக்குப் பின்னாலை கன்று விக்கிற ஒரு சிங்கள ஆள் இருக்கிறார், ஐம்பது வயசிருக்கும், முந்தி ரோசாக் கன்று வாங்கினனான். என்ரை சிங்களத்திலை விளங்கப்படுத்தினன். கனடா, பனி, யன்னல், இலை கொட்டுது. அவர் கையைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சார். அவரின்ரை அக்கா நுவரெலியாவிலை. அங்கையும் கடும் குளிருக்கு இதே கூத்துத்தானாம்.

"கஹ நிதி, மஹத்தயா. மெரிலா நே."

மரம் நித்திரையாம். சாகேல்லையாம். அவர் சொன்னதெல்லாம் துண்டிலை எழுதிக்கொண்டு வந்தன்:

தண்ணி நிப்பாட்ட வேணும். நித்திரை கொள்ளுற மரத்துக்குத் தண்ணி விட்டால் வேர் அழுகும்.
கண்ணாடியை விட்டுத் தள்ளி வைக்கிறது.
தடியை நகத்தாலை சுரண்டிப் பாக்கிறது. உள்ளுக்குப் பச்சையெண்டால் உயிர் இருக்கு.
வெயில் திரும்ப வர, அங்கை சித்திரை மட்டிலை, தானாத் துளிர்க்கும்.
அதுவரைக்கும் சும்மா விட வேணும்.

பஸ்ஸிலை நிண்டுகொண்டுதான் வந்தன், முழங்கால் கடுப்பு. எண்டாலும் மனம் லேசா இருந்துது. ரஞ்சிக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி கையிலை. இப்ப எடுத்தால் அங்கை எல்லாரும் நித்திரை. நாளைக்குக் கா. 7.30.

மார்கழி 5, வியாழன்

எழுதாமல் விடலாம். எழுதிறன்.

போன் எடுத்த உடனை ரஞ்சிக்கு அழுகை. ஒரு இலை இல்லை. மொட்டைத் தடி. ஹீற்றர் பழுதாகி ஒரு இரவு அந்த அறை நல்லாக் குளிர்ந்துபோச்சாம், விடியப் பாக்கக் கீழை முழுக்க இலை.

"இதுவும் இல்லையெண்டால் எனக்கு இஞ்சை என்ன வேலை, சொல்லுங்கோ. அவன் டேகெயாருக்குப் போறான். இதுகள் ரண்டும் வேலைக்குப் போயிடும். பகல் முழுக்க இந்த மரத்தோடைதான் கதைச்சுக்கொண்டிருந்தனான்."

எனக்கு இஞ்சை என்ன வேலை. அந்தச் சொல்லு காதிலை விழுந்ததுதான், பிறகு வேறை ஒண்டும் விழேல்லை. துண்டு கையிலை. தண்ணி நிப்பாட்ட வேணும் எண்ட முதல் வரியிலை விரல். அதைப் பாத்துக்கொண்டே சொன்னன்:

"அது பட்டுப்போச்சு ரஞ்சி. இனி வராது. எறிஞ்சு விடும்."

"நகத்தாலை சுரண்டிப் பாக்கச் சொல்லி இன்ரநெற்றிலை ஆரோ போட்டிருக்கினம். பாக்கட்டோ?"

"தேவையில்லை. நான் விசாரிச்சனான்."

"அப்பிடியோ" எண்டா. நம்பியிட்டா. நான் மரத்தைப் பற்றிச் சொன்னால் அவ இப்ப நம்புவா, அதுதான் பதினாலு மாசத்திலை நான் சம்பாதிச்சது.

துண்டைக் கிழிச்சுக் குப்பைக்குள்ளை போட்டன். பிறகு தேத்தண்ணி குடிச்சன், சீனி போட மறந்திட்டன், அப்பிடியே குடிச்சன்.

மார்கழி 7, சனி

வெயில். நல்ல வெயில், கடல் பளிச்செண்டு கிடக்கு.

அவ வரப்போறா. சொல்லேல்லைத்தான். ஆனால் அங்கை இனி என்ன வேலை. அவவே சொன்னது.

செய்ய வேண்டியது:
திரைச்சீலை கழட்டித் தோய்க்க. (செய்தாச்சு. ஒண்டு கிழிஞ்சுபோச்சு.)
அலுமாரியிலை அவவின்ரை பக்கத்திலை கிடக்கிற என்ரை சேட்டுகளை எடுக்க.
பிரிட்ஜ். உள்ளுக்கு என்னவோ ஒண்டு கறுப்பா. என்னெண்டு தெரியேல்லை, பெட்டியோடை எறிஞ்சன்.
குசினிக் குழாய் சொட்டுது.
பல்கனி மண் கழுவ. வந்த உடனை அதைத்தான் பாப்பா.
புது தலையணை 1.

நஸீர் நானாவிட்டைச் சொல்லிப்போட்டன். வாய் சும்மா இருந்தால்தானே. "மெய்யாவா சேர்? எப்ப?" எண்டார். தை மாசம் எண்டு நானாக ஒரு மாசத்தையும் வச்சன்.

மனம் ஒரு பக்கம் குத்துது. ஒரு மரம்தானே. பத்து மரம் நட்டுக் குடுப்பன் அவவுக்கு, இஞ்சை.

மார்கழி 10, செவ்வாய்

தலையணை வாங்கியாச்சு. சந்தையிலை அறக்குளா மீன் நல்லா இருந்துது. ஒராளுக்கு என்னத்துக்கு எண்டு திரும்பி வந்தன்.

இண்டைக்குப் போன் நாலு நிமிஷம்.

"என்ன சாப்பாடு?"
"சோறு."
"மழையோ?"
"இல்லை. அங்கை?"
"பனி."

முந்தி ஒரு இலைக்குக் கால் மணித்தியாலம் கதைப்பம். முருங்கை என்ன மாதிரி எண்டு கேட்டன். "கிடக்கு" எண்டா. முகம் வாடிக் கிடக்கு. தலை இழுக்கேல்லை, சீப்பே படேல்லை. ரஞ்சி தலை இழுக்காமல் கமராவுக்கு வாறவ இல்லை.

வந்தால் எல்லாம் சரியாயிடும்.

மார்கழி 13, வெள்ளி

விளக்கீடு. ரஞ்சி இருந்தால் வாசல், குசினி, பல்கனி, குளியலறை யன்னல் எண்டு ஒரு இடம் விடமாட்டா. நான் பல்கனியிலை மட்டும் மூண்டு சிட்டி விளக்கு. பொழுதுபட ஏத்தினன். கடல் காத்து, உடனை நூந்துபோச்சு. திரும்ப ஏத்த, திரும்ப நூந்துது. கடைசியிலை ஒரு வெறும் பெயின்ற் வாளிக்குள்ளை இறக்கி வச்சு ஏத்தினன். எரிஞ்சுது. வெளியாலை ஒருத்தருக்கும் தெரியாது, குனிஞ்சு பாத்தால் எனக்கு மட்டும் தெரியும்.

முன் ஃபிளாற் முழுக்க விளக்கு. பிள்ளையள் படம் எடுக்கினம். எனக்கு அவவைக் காண வேணும் போலை இருந்துது. போனிலை இல்லை. இஞ்சை, தீப்பெட்டியைப் பிடுங்கி "தள்ளுங்கோ, உங்களுக்கு ஒண்டும் தெரியாது" எண்டு சொல்லுற தூரத்திலை.

மார்கழி 15, ஞாயிறு

ஆப்பிழுத்த குரங்கு நான்.

கா. 7.30. ரஞ்சியின்ரை முகத்திலை ஒரு வெளிச்சம், தலை இழுத்திருக்கு. சந்தோஷமாப் போச்சு, டிக்கெற் போட்டிட்டா எண்டு நினைச்சன். கமராவுக்கு முன்னாலை ஒரு தயிர்க் கோப்பையைத் தூக்கிப் பிடிச்சா. அதுக்குள்ளை ரண்டு கொத்து இலையோடை ஒரு கறிவேப்பிலைக் கன்று. சுகன்யாவின்ரை சிநேகிதி ஒருத்தி குடுத்ததாம்.

"இதைப் பிடிச்சு வளத்துப்போட்டு வாறன். வாற வருஷம் புரட்டாதி மட்டிலை ஆகும்."

நான் என்ன சொன்னன் எண்டு தெரியேல்லை. "ஏன்" எண்டு கேட்டிருப்பன்.

அவ சொன்னது: "தை முடிய வரத்தான் இருந்தனான். பழைய மரம் ஒரு நிலைக்கு வந்திட்டுதெண்டு பாத்து, சுகன்யாவிட்டைக் குடுத்திட்டு வெளிக்கிடுவம் எண்டு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அது பட்டுப்போச்சுதே, இனி என்ன செய்யிறது."

"கறிவேப்பிலை கடையிலை விக்கிறாங்கள்தானே, ரஞ்சி."

"விக்கிறாங்கள். பக்கற்றிலை. நான் இந்த வீட்டிலை பதினாலு மாசம் சமைச்சன், உடுப்பு மடிச்சன், பிள்ளையைப் பாத்தன். நான் வெளிக்கிட்டு அடுத்த நாள் பாத்தால் நான் இருந்ததுக்கு ஒரு அடையாளம் இராது. ஒரு மரம் நிண்டுதெண்டால் இவள் தாளிக்கேக்கை எண்டாலும் என்னை நினைப்பாள். அவள் என்னோடை கதைக்கிறதே குறைவு, உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். என்னோடை அதுவும் இல்லை.

அப்ப இவ்வளவு நாளும் அந்த மரம் அவவைப் பிடிச்சு வச்சிருக்கெண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன். அது வளர வளர அவ எனக்குக் கிட்ட வந்துகொண்டிருந்திருக்கிறா. நான் எறியச் சொல்லிப்போட்டன்.

ஒம்பது மாசம். புரட்டாதி.

மார்கழி 17, செவ்வாய்

மழை. சோறு வச்சு சாப்பிடேல்லை.

லிஃப்ற் திருத்தியாச்சு. அதுக்குள்ளை வாச்சர் கேக்கிறான், "நோனா எனவாலு நேத?" மனுசி வரப்போறாவாமே எண்டு. அவனுக்கும் செய்தி போயிட்டுது. ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். மூண்டாம் மாடியிலை நஸீர் நானா ஏறினார். "மெடம் தையில வாராங்க தானே சேர்? பெரிய மவ பிரியாணி போடணும்ண்டு செல்றா." அதுக்கும் தலையாட்டினன். நாலு மாடிக்குள்ளை ரண்டு பொய்.

யோசிச்சுப் பாத்தன். இப்ப உண்மையைச் சொல்லி என்ன பிரயோசனம். மரத்தை எறிஞ்சிருப்பா. எறிஞ்சது எறிஞ்சதுதான். மரமும் வராது, என்ரை மரியாதையும் போயிடும். சொல்லாமல் விட்டால் ஒம்பது மாசம், சொன்னாலும் ஒம்பது மாசம். அப்ப ஏன் சொல்ல?

ஆனால் வாற மார்கழியிலை இந்தக் கன்றும் இலை கொட்டும். அப்பவும் என்னட்டைத்தான் கேப்பா.

மார்கழி 19, வியாழன்

சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டன். "அந்தப் பழைய மரத்தை என்ன செய்தனீர்?"

"ஏன் கேக்கிறியள்?"

"சும்மா."

கொஞ்சம் வெக்கப்பட்டா. "எறியத்தான் கொண்டுபோனனான். குப்பைப் பெட்டி வெளியிலை, பனிக்குள்ளை மூடிக் கிடக்கு. அந்தக் குளிருக்குள்ளை அதைத் தள்ள மனம் வரேல்லை. கீழை பேஸ்மென்ரிலை, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்திலை வச்சிட்டன். சுகன்யாவுக்குச் சொல்லேல்லை, விசர் எண்டுவாள்."

ரண்டு கிழமை. மெசின் சூடு கொஞ்சம். தண்ணி ஒரு சொட்டு இல்லை. அந்த நுகேகொடை ஆள் சொன்னதெல்லாம் ஒருத்தரும் சொல்லாமலே அதுக்குக் கிடைச்சிருக்கு. நான் உண்மை சொல்லியிருந்தால் ரஞ்சி பாவப்பட்டுத் தண்ணி ஊத்தி அழுகப் பண்ணியிருப்பா, அவவைத் தெரியாதோ எனக்கு.

இதை எழுதி எழுதி என்னை நல்லவனாக்கப் பாக்கிறன். நிப்பாட்டு.

சொல்ல வாய் எடுத்தன். பேரன் எங்கையோ விழுந்து கத்தினான், அவ ஓடியிட்டா. போன் மேசையிலை, ஊதா லைற் மட்டும் தெரிஞ்சுது. பத்து நிமிஷம் பாத்துக்கொண்டு இருந்தன். ஒருத்தரும் வரேல்லை, வச்சிட்டன்.

மார்கழி 21, சனி

சொல்லிப்போட்டன்.

"ரஞ்சி, கீழை போய் அந்தத் தடியை நகத்தாலை சுரண்டிப் பாரும்."

"என்னத்துக்கு, செத்த மரத்தை."

"போய்ப் பாருமன்."

போனோடை இறங்கினா. படி, இருட்டு, மெசின் சத்தம். சாடியைத் தூக்கி மெசினுக்கு மேலை வச்சா. கமராவிலை பெருவிரல் நகம், தடி. சுரண்டினா.

"பச்சை." பிறகு, "இஞ்சருங்கோ, பச்சையாக் கிடக்கு. ஈரமாவும் கிடக்கு." இன்னும் ஒரு இடம் சுரண்டினா. "இதிலையும். இஞ்சை பாருங்கோ." பதினாலு மாசத்திலை அவ அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை. அந்தச் சிரிப்பிலையே விட்டிருக்கலாம். விட்டால் அவவுக்கு ஒண்டும் தெரியவந்திராது.

சிரிப்பு தானாத்தான் நிண்டுது.

"நீங்கள் விசாரிச்சனான் எண்டனீங்களே."
"ஓம்."
"ஆரை?"
"நுகேகொடையிலை ஒரு ஆள். கன்று விக்கிறவர்."
"அவர் என்ன சொன்னவர்?"
"நித்திரை எண்டவர்."
"எப்ப சொன்னவர்?"

இதுக்குத்தான் பயந்தனான். "நீர் அழுத அண்டைக்கு முதல் நாள்" எண்டன்.

சாடியைத் திரும்பக் கீழை இறக்கி வச்சா.

"ஏன்?"

"தெரியேல்லை" எண்டன். அதுவும் பொய். கட் பண்ணிப்போட்டா.

மார்கழி 22, ஞாயிறு

7.30. போன் இல்லை.

மார்கழி 23, திங்கள்

இல்லை. நான் எடுத்தன். அடிச்சுது, தூக்கேல்லை.

பல்கனியிலை என்ரை மரத்தைக் கத்தரிச்சன். தேவையில்லாத நேரத்திலை. கை சும்மா இருக்குதில்லை.

மார்கழி 24, செவ்வாய்

சுகன்யா வட்ஸ்அப்பிலை: "அம்மா சுகம். உங்களுக்குள்ளை என்ன சண்டை? ஒண்டும் சொல்லுறா இல்லை." ரஞ்சி பிள்ளையிட்டை என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. அதைப் பாத்தாப்பிறகுதான் அழுகை வந்துது. அறுவத்தாறு வயசு.

பதில் எழுதினன்: "என்ரை பிழை." வேறை என்ன எழுத.

மார்கழி 25, புதன்

நத்தார். பக்கத்து வீட்டிலையிருந்து கேக் வந்துது. வெடி. காகங்கள் எல்லாம் கடல் பக்கம் பறந்து போட்டுதுகள்.

நஸீர் நானாவிட்டை உள்ளதைச் சொன்னன். மெடம் தைக்கு வரமாட்டா, நான் சும்மா சொன்னது எண்டு. மரக்கதை சொல்லேல்லை. மனுசன் பகிடி பண்ணுவார் எண்டு பாத்தன். பண்ணேல்லை. "பரவால்ல சேர், நீங்க வாங்க பிரியாணிக்கு" எண்டார்.

போன் இல்லை.

மார்கழி 27, வெள்ளி

மழை விட்டு இதமான காத்து. தோய்ச்ச திரைச்சீலையை இண்டைக்குத்தான் கொழுவினன், கிழிஞ்சதைத் தைச்சுப்போட்டு.

7.30க்கு அடிச்சுது. எடுத்தன். முகம் இல்லை. கமரா கூரைக்கு. குரல் மட்டும்.

"அண்டைக்குத் தெரியேல்லை எண்டனீங்கள். தெரியும் உங்களுக்கு. ஏன் எண்டு சொல்லுங்கோ."

சொன்னன். வடிவாச் சொல்லேல்லை, உளறினன். நீர் இல்லாமல் எனக்கு ஏலாமக் கிடக்கு எண்டன். பின்னேரம் ரெயில் போகேக்கை யன்னல் சாத்த எழும்பிப்போட்டு, நீர் சாத்துவீர் எண்டு திரும்ப இருக்கிறன், பிறகு தூசி முழுக்க உள்ளுக்கு எண்டன். அரிசி இன்னும் ரண்டு பேருக்குத்தான் போடுறன் எண்டன். மரம் செத்தால் வருவீர் எண்டு நினைச்சன் எண்டன். பிறகு, "வாரும் ரஞ்சி, வந்திடும்" எண்டன்.

கூரையிலை ஊதா வெளிச்சம்.

"இந்த ஒரு சொல்லு உங்கடை வாயிலையிருந்து வர, ஒரு மரத்தைக் கொல்ல வேண்டிக்கிடந்ததோ?"

"சாகேல்லையே" எண்டன்.

சத்தம் ஒண்டு வந்துது. சிரிச்சவவோ அழுதவவோ தெரியேல்லை. கமரா திரும்பி அந்த மொட்டைத் தடிக்குப் போச்சு. மேலை கொண்டு வந்து, கண்ணாடியை விட்டுத் தள்ளி, சாப்பாட்டு மேசை நடுவிலை வச்சிருக்கிறா. ரண்டு தரம் மூக்கு உறிஞ்சிற சத்தம்.

"மாசிக்குள்ளை பிளேனிலை சீற் இருக்கோ எண்டு பிள்ளையைப் பாக்கச் சொல்லுறன்."

புதுத் தலையணையை எடுத்து அவவின்ரை பக்கத்திலை வச்சன்.

"இது எப்ப துளிர்க்கும் எண்டவர், அந்த ஆள்?"

"சித்திரை."

"அப்ப நான் காணமாட்டன்."

"காணமாட்டீர்" எண்டன்.

தடியிலை சுரண்டின இடத்தை விரலாலை ஒருக்காத் தடவினா. பிறகு, "சரி" எண்டா.